இந்த மனுஷன்

மாடு மறுபடியும் விட்ட உதையில் வாளி உருண்டு போய்த் தொழுவத்துச் சுவரில் மோதி நின்றது. பால்காரர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். வாளிக்குள் ஒரு வாய் பால்கூட இல்லை. காலையிலிருந்து கறக்காத மடி, பூசணிக்காயைத் துணியில் முடிந்து தொங்கவிட்டதுபோல விம்மிக் கிடந்தது. காம்புகள் ஆளுக்கொரு பக்கமாக விறைத்து நின்றன.

"பால இறக்க மாட்டேங்குதும்மா. மடி சுடுது, தொட்டுப் பாருங்க. பொழுது சாயறதுக்குள்ள கறக்கலன்னா கல்லாயிடும். அப்புறம் சீழ்தான்" என்றார் அவர்.

மகள் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. மாடு தோலைச் சிலிர்த்து அவள் கையை உதறித் தள்ளியது.

நகரத்தில் தையல் கடை வைத்திருப்பவள் அவள். விடியற்காலையில் அத்தையின் போன் வந்ததும், பாதி தைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்ததிலிருந்து உட்கார்ந்து அழக்கூட ஒழியவில்லை. அம்மாவை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். ராத்திரி வழக்கம்போலப் படுத்தவள் தூக்கத்திலேயே போய்விட்டாள். தம்பி வெளிநாட்டிலிருந்து வந்து சேர மறுநாள் காலை ஆகும், அதற்கப்புறம்தான் அடக்கம். மாட்டு டாக்டர் எங்கேயோ தொலைவில் இருக்கிறார், அவரும் நாளைக்குத்தான் வருவாராம். செத்தவளுக்கு அவசரமில்லை, காத்திருப்பாள். மடி காத்திருக்குமா?

அத்தை தொழுவத்து வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். அப்பாவின் அக்கா. வாயில்லா ஜீவன், எஜமானி போன துக்கத்தில் பாலை அடக்கிக்கொண்டது என்று காலையிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்களும் அம்மாவைப் பார்த்த கையோடு தொழுவத்துக்கு வந்து, மாட்டையும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். துக்கமாவது ஒன்றாவது என்று மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த புல்லையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, துக்கம் கேட்க வந்தவரின் குடையையும் மென்று பார்த்த மாடு அது. மகாராணி என்று அம்மா சும்மாவா பேர் வைத்தாள்.

ஆனால் அத்தை இன்னொரு காரியமும் செய்திருந்தாள். மாட்டுத் தரகருக்குப் போன் போட்டு, நாளைக்கே வந்து ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். தனி ஆளாக உங்கப்பா இதை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்பது அவள் கேள்வி. அப்பாவிடமும் கேட்டுவிட்டாளாம், அவர் தலையை ஆட்டினாராம். அப்பா இன்றைக்கு எதற்குத்தான் தலையை ஆட்டவில்லை? காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு மிடறு தண்ணீர் இறங்கவில்லை. அம்மாவின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். 'வீட்டைக் கொளுத்தட்டுமா' என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பார்.

மடி கெட்ட மாட்டைத் தரகர் எங்கே அனுப்புவார் என்பது எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு ஒரே நாளில் அம்மாவும் போய், மாடும் போய், இந்த வீட்டில் அப்பா மட்டும் மிச்சமாக உட்கார்ந்திருப்பார். எப்படியாவது கறந்துவிட வேண்டும்.

செய்யாத வித்தை இல்லை. அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்தாயிற்று. அம்மாவின் எண்ணெய்க் கிண்ணத்திலேயே விரலைத் தோய்த்தாயிற்று. அத்தை சொன்னாளே என்று, தொழுவத்து ஆணியில் தொங்கிய அம்மாவின் பழைய முழுக்கைச் சட்டையையும் மாட்டிக்கொண்டாயிற்று. சட்டையில் அம்மா வாசம் அடித்ததில் மகள்தான் கொஞ்ச நேரம் முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். மாடு அசைந்து கொடுக்கவில்லை.

பால்காரர் வாளியை நிமிர்த்திவைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உஷ். மெதுவா. சத்தம் கேட்டா இன்னும் மிரளும்" என்றாள் அத்தை.

பால்காரர் வாயை மூடிக்கொண்டார். வீடு முழுக்க அப்படித்தான் இருந்தது. குழந்தைகளைக்கூடப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாவு வீடு, எல்லோரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். ஈ பறப்பது கேட்டது. மாடு காதை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருந்தது.

இந்தத் தொழுவத்தில் இப்படியொரு அமைதியை மகள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

அம்மாவுக்கு வாயை மூடிக்கொண்டு கறக்கத் தெரியாது. அவள் கை காம்பைத் தொட்டதுமே வாய் திறந்துகொள்ளும். மாட்டைக் கொஞ்சுகிற பழக்கமெல்லாம் கிடையாது. "கேட்டியாடி, இந்த மனுஷன் பண்ண காரியத்த" என்று ஆரம்பிப்பாள். அந்த மனுஷன், அதாவது அப்பா, மாட்டின் முகத்துக்கு நேராக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதன் கழுத்தடியைத் தடவிக்கொடுத்தபடி நின்றிருப்பார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பதே தெரியாதவர்போல நிற்பார். மகள் சின்னவளாக இருந்த காலத்திலிருந்து எத்தனையோ மாடுகள் மாறின, புகார் மாறவில்லை. கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை, காலையில் இந்தக் கச்சேரியைக் கேட்டு அரண்டுபோய், உங்க வீட்டுல ஏதாவது பிரச்சினையா என்று அவளை எழுப்பிக் கேட்டார். ஒன்றுமில்லை, அம்மா பால் கறக்கிறாள் என்று சொல்லிவிட்டு அவள் புரண்டு படுத்தாள்.

மகாராணி போட்ட கன்று பிறந்த சூட்டிலேயே செத்துப்போனது. இனி இது பால் தராது, வற்றிவிடும் என்று ஊரே சொன்னது. கன்று முட்டாமல் பால் இறங்குமா? அம்மா முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அப்பாவைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தாள். மாடு பாலை இறக்கியது. அன்றிலிருந்து அதற்குக் கன்றும் அந்தத் திட்டுதான், முட்டும் அந்தத் திட்டுதான்.

மகள் விடுவிடுவென்று முன்னறைக்குப் போனாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"அப்பா, மாட்டப் பிடிக்க ஆள் இல்ல. வாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தார். கயிற்றைக் கையில் கொடுத்ததும் இன்னொரு கை தானாகவே மாட்டின் கழுத்தடிக்குப் போனது.

அவள் முக்காலியில் உட்கார்ந்து, நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்து, விரல்களில் எண்ணெய் தொட்டுக்கொண்டாள். வாயைத் திறந்தாள். வரவில்லை. பெற்ற அப்பாவை இந்த மனுஷன் என்று எப்படிச் சொல்வது, அதுவும் அம்மா இன்னும் வீட்டுக்குள் இருக்கும்போது. முணுமுணுப்பாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மாடு ஒரு காதைத் திருப்பியது. அவ்வளவுதான், வருவது வரட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"கேட்டியாடி மகாராணி, இந்த மனுஷன் பண்ண காரியத்த. உப்பு வாங்கிட்டு வாங்கன்னு கடைக்கு அனுப்பினா, சோப்புத்தூள வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. கேட்டா ரெண்டும் வெள்ளையாத்தான இருக்குங்கறாரு."

மாடு அசை போடுவதை நிறுத்தியது. அவள் விடவில்லை. கூரையில் ஒரு ஓட்டையை அடைக்க ஏறி நாலு ஓட்டை போட்டுவிட்டு இறங்கியது, ஏணியைத் தட்டிவிட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை கூரைமேலேயே உட்கார்ந்திருந்தது, கூப்பிட்டால் கௌரவக் குறைச்சல் என்று கூப்பிடாமலே இருந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். சொல்லச் சொல்ல வார்த்தைகள் அம்மாவின் ஏற்ற இறக்கத்தோடேயே வந்து விழுந்தன. விரல்களுக்குள் காம்பு மெல்ல இளகிப் பருத்தது. முதல் பால் வாளியின் அடித்தகரத்தில் சுர்ரென்று பாய்ந்தது.

அத்தை ஓடி வந்தாள். பிணம் கிடக்கிற வீட்டில் பெத்த அப்பனை இப்படியா பேசுவாய் என்று அவள் ஆரம்பிப்பதற்குள், அப்பா தடவிக்கொண்டிருந்த கையைத் தூக்கி அவளைப் பார்த்து வேண்டாம் என்று காட்டினார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

முன்மடி இரண்டும் தளர்ந்தன. பின்மடிக்குக் கையை மாற்றும்போது மகளிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. கல்யாணமாகிப் போனவளுக்கு எவ்வளவுதான் தெரியும்? சொன்னதையே இன்னொரு தரம் சொன்னாள். பால் நூலாக இளைத்தது. மாடு காலை மாற்றி வைத்தது. அவள் வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடி" என்றது ஒரு குரல்.

காய்ந்துபோன குரல். மாட்டின் கழுத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"என்னப்பா?"

"கண்ணாடிய தலையில வச்சுக்கிட்டு வீடு பூரா தேடினேன். அதச் சொல்லு."

சொன்னாள். கண்ணாடி முடிந்ததும் அவரே அடுத்ததை எடுத்துக் கொடுத்தார். மழையில் துணியை எடுக்காமல் வேடிக்கை பார்த்தது. யாரோ ஒருத்தர் கல்யாணம் என்று வேறொருத்தர் கல்யாணத்துக்குள் நுழைந்து சாப்பிட்டுவிட்டு வந்தது. அவர் ஒரு வரி கொடுக்க, அவள் அதைப் பத்து வரியாக்கினாள். கல்யாணச் சாப்பாட்டுக்கு வரும்போது அப்பா மூக்கால் ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தார். வாளியில் நுரை ஏறியது. இனி ஒரே ஒரு காம்புதான் பாக்கி.

அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவளும் கடைசிக் காம்புக்குக் கையை மாற்றினாள்.

"நேத்து ராத்திரி" என்றார் அப்பா. "அவ ஏதோ பேசிக்கிட்டே இருந்தா. நான் பாதியிலேயே தூங்கிட்டேன்."

மகளின் விரல்கள் காம்பிலேயே நின்றன.

"என்ன சொல்லிக்கிட்டு இருந்தான்னே தெரியல. அதையும் சேத்துத் திட்டு."

அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவர் முகம் தெரியவில்லை. மாட்டின் வயிற்றுக்குக் கீழே அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. செருப்பில்லாத கால் விரல்கள் தரையை அழுத்திப் பிடித்திருந்தன. எழுந்து போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எழுந்தால் பால் நின்றுவிடும். அவள் முன்னறைவரைக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"கேட்டியாடி, நேத்து இந்த மனுஷன் தூங்கிட்டாராம். என்னமோ நேத்துதான் மொதத் தடவையா தூங்கின மாதிரி பெரிசா சொல்ல வந்துட்டாரு. இத்தனை வருஷத்துல என்னிக்காவது ஒரு பேச்ச முழுசா கேட்டிருக்காரா? நான் பாதி சொல்லும்போதே குறட்ட வந்துரும். நான் பேசலன்னா இந்த மனுஷனுக்குத் தூக்கம் வராதுடி. தூங்கட்டும்னுதான் நான் பேசறதே."

நான் என்று சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. விரல்கள் மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்தன. பால் நுரைக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். மாட்டின் வயிற்றுக்கு அந்தப் பக்கம் அந்தப் பாதங்கள் அசையாமல் நின்றன. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.