மூன்றாவது துளை

ஊரில் ஓடுகிற பஸ்ஸுக்கெல்லாம் சீட் தைத்துக் கொடுப்பவள் வீட்டில் உட்கார ஒரு ஒழுங்கான நாற்காலி கிடையாது என்று அவள் புருஷன் பத்து வருஷமாகக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தான். அவன் கேட்டது சாப்பாட்டு மேஜை நாற்காலி இல்லை. விண்வெளிக் கப்பல் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் அவனுக்குப் பைத்தியம். அதற்கு விமானி அறையில் இருக்குமே, அது மாதிரி ஒரு இருக்கை வேண்டும். ஆள் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் கூண்டுக்குள் மேலும் கீழும் போய்வருகிறவனுக்கு வீட்டுக்கு வந்தால் வானம் தேவைப்பட்டது. கேப்டன் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டான். ஃபோம் தூசியோடு வீடு திரும்பும் பெண்டாட்டிக்குப் பஞ்சு என்று வைத்தான்.

"ஏம்மா பஞ்சு, ஊரான் முதுகுக்கெல்லாம் மெத்தை போடறே. கட்டின புருஷன் முதுகுக்கு என்ன வெச்சிருக்கே?"

"வெளக்குமாறு வெச்சிருக்கேன், வேணுமா?"

இந்த வாய்ச்சண்டையிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. அப்புறம் ஒரு நாள் அவன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. மறுவாரமும் நழுவியது. சட்டைப் பொத்தான் போட வலது கை மக்கர் பண்ணியது. ஆஸ்பத்திரி, ஊசி, ஸ்கேன், மறுபடி ஊசி. கடைசியில் ஒரு காலை, உள்ளே அவன் பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், டாக்டரம்மா அவளை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. முதலில் கை, அப்புறம் கால், கழுத்து, பேச்சு. கண் கடைசி வரை இருக்கும். இரண்டு வருஷம், மிஞ்சிப்போனால் மூன்று.

"நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. இல்லேன்னா ஆறு வாரம் கழிச்சு வரும்போது நான் சொல்றேன்."

பக்குவமாகவாம்! எந்தப் பக்குவத்தில் சொன்னால் இது ஒருத்தன் தொண்டையில் இறங்கும்? ஐந்து பொத்தானையும் போட்டு முடித்த பெருமையோடு அவன் வெளியே வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"நரம்புத் தளர்ச்சியாம். கைக்கு நல்லா வேலை குடுத்தா தேறிடுமாம்." பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. வாயை மூடுவதற்குள் அடுத்ததும் வந்தது. "அந்தக் கப்பல் சீட்டைச் செஞ்சு தர்றேன். உக்காந்து ஓட்டுங்க, கை தானா வழிக்கு வரும்."

ஆறு வாரம் அவன் சிரித்துக்கொண்டு இருக்கட்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் யோசிக்க ஓடவில்லை.

அவள் சீட் தைக்கும் பட்டறையின் பின்புறம் பழைய டிரைவர் சீட் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்து முன்னறையின் நடுவில் போட்டாள். துருவைத் தேய்த்து, சட்டத்துக்கு வர்ணம் அடித்து, பட்டறை வெல்டரைக் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பக்கமும் இரும்புக் கைகள் வைக்கச் சொன்னாள். பார்க்க வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இது, என் தம்பி வீட்டுக்குள்ளயே பஸ் ஓட்டப் போறானா? டிக்கெட் எவ்வளவு?"

"உங்களுக்கு ஃப்ரீ அண்ணி. படியில தொங்கிக்கிட்டு வாங்க."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஃபோம் பக்கம் திரும்பினாள்.

சீட் தைப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது ஃபோமின் இன்றைய கனத்தைப் பார்த்து உறை வெட்டினால், ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து ஆறே மாதத்தில் அது அமுங்கிவிடும், உறை தொளதொளத்துப் போகும். அதனால் அமுங்கிய பிறகு என்ன அளவோ, அந்த அளவுக்கு வெட்டி இறுக்கி இழுத்துத் தைப்பார்கள். இருபது வருஷம் அப்படியே வெட்டிய கை அவளுடையது. இன்றைய அளவுக்கு வெட்டவே அந்தக் கைக்குத் தெரியாது.

அதுதான் வினையாகப் போயிற்று. கை வைக்கும் இடத்தைப் பள்ளமாக வெட்டினாள், கை தானாகச் சரிந்து விழாமல் இருக்க. தலைக்கு இருபுறமும் காது மறைக்கிற மாதிரி மெத்தை வைத்தாள். நெற்றியைப் பிடித்து நிறுத்த அகலமாக ஒரு பட்டை தைத்து, பின்பக்கம் மடிப்புக்குள் ஒளித்து பட்டன் போட்டு மூடினாள். கப்பலைத் திருப்பும் கைப்பிடியான ஜாய்ஸ்டிக் உட்காரும் வளைந்த குழாயில் மூன்று துளை போட்டு, ஒன்றில் போல்ட்டை முடுக்கிவிட்டு, மற்ற இரண்டையும் துணி உறையால் மறைத்தாள். மறைத்துவிட்டால் தெரியாதாம். அட, லிஃப்ட் மெக்கானிக் கண்ணுக்கா?

முதல் பத்து நாள் வீடு வீடாகவே இல்லை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, சாயங்காலம் அவள் வருவதற்குள் அவன் இரண்டு கிரகம் தாண்டியிருப்பான்.

"பஞ்சு, கிளம்பறோம். பிடிச்சுக்கோ!"

பிடித்துக்கொள்ள அவளுக்கு ஏது இருக்கை? அவன் பின்னால் நின்று முதுகுச் சாய்மானத்தைப் பிடித்துக்கொள்வாள். திரையில் நட்சத்திரங்கள் கோடு கோடாக ஓடும். அவன் வலது கை பள்ளத்துக்குள் பதிந்துகிடக்கும். பார்த்துக்கொண்டே நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான். ஈரக் கையோடு போனாள். பிடரியில் அரித்ததாம். சொறியப் போன இடது கைக்குப் பட்டன் அகப்பட்டிருக்கிறது. நெற்றிப் பட்டை அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"அது... கப்பல் குலுங்கும்போது தலை ஆடாம இருக்க. நெஜ விமானத்துலயும் இருக்காம்."

"சரி. இது?"

குழாயின் உறையை உருவியிருந்தான்.

"சும்மா போட்டேன்."

"சும்மா எவளாவது இரும்புல துளை போடுவாளா?" அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். "இது இப்பத்திக்கு, கைக்கு. இதுல மாட்டினா மடிக்கு வருது, ரெண்டு கையையும் சேத்துப் பிடிக்க. இதுல மாட்டினா தாடைக்குக் கீழ வருது." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "மூணாவது துளை எந்த மாசத்துக்கு, பஞ்சு?"

அவள் ஈரக் கையால் உறையை எடுத்து மறுபடி குழாயில் மாட்டப் பார்த்தாள்.

"எங்கிட்ட மறைச்சதையெல்லாம் இந்தச் சீட்டுகிட்ட சொல்லியிருக்கே."

கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னான். அவள் தரையில் உட்கார்ந்து, அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அப்புறம் இடது கையை ஊன்றி எழுந்து உள்ளே போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

இரண்டு நாள் பேச்சில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டான், எடுத்தால் விட்டான். முன்னறையில் அந்தச் சீட் சும்மா நின்றது. அதைக் கடக்கும்போதெல்லாம் பாழாய்ப்போன இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று அவளுக்கு வந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவள் எழுந்து வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்து, பல்லாலும் இடது கையாலுமாக வேலைப் பையின் ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தான். உள்ளேயிருந்து லிஃப்ட் பட்டன் ஒன்றை எடுத்தான். அதன்மேல் மணிப் படம் போட்டிருந்தது.

"உன் சீட்டுல ஒரு குறை இருக்கு."

"என்னங்க?"

"லிஃப்ட்டுல எந்த பட்டன் செத்தாலும் இது மட்டும் சாகக் கூடாது. உள்ள மாட்டிக்கிட்டவன் கூப்பிட வேணாமா? கை, கால், கழுத்து வரைக்கும் யோசிச்சிருக்கே. பேச்சு போறதுக்கு ஒண்ணும் வெக்கல."

உண்மைதான். எல்லாவற்றையும் முன்கூட்டி வெட்டிய கை, அந்தக் குரல் இல்லாத நாளுக்கு மட்டும் வெட்ட மறுத்துவிட்டது. பஞ்சு என்று கூப்பிட ஆளில்லாத வீட்டுக்கு அவளால் அளவெடுக்க முடியவில்லை.

"எதால... அழுத்துவீங்க?"

"கன்னத்தால. வா, வாய் இருக்கும்போதே இடத்தைச் சொல்லிடறேன்."

அவன் சாய்ந்து உட்கார்ந்து கன்னத்தை மெத்தையில் பதித்தான். அவள் சாக்பீஸால் வட்டம் போட்டாள். அவன் சொல்லச் சொல்ல மெத்தையைப் பிரித்து, துளை போட்டு, பட்டனைப் பொருத்தினாள். எந்தக் கம்பி எதோடு சேரணும் என்று அவன் சொன்னான். கம்பியைச் சுவரோரமாக இழுத்துப் போய் அடுப்படியில் ஒரு மணியை மாட்டினாள்.

"இப்பப் போய் அங்க நில்லு."

போய் நின்றாள். மணி அடித்தது. ஓடி வந்தாள்.

"என்னங்க?"

அவன் பதில் சொல்லவில்லை. இரண்டு கையும் பள்ளத்தில் கிடந்தன. வாயை இறுக மூடியிருந்தான். கண் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தண்ணி வேணுமா? முதுகு வலிக்குதா?"

கண் அப்படியே இருந்தது.

"சும்மா கூப்பிட்டீங்களா?"

அவன் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தான்.

அவன் பழகிக்கொள்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளையும் பழக்குகிறான். அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வேணாங்க. இப்பப் பேசுங்க. இப்பத்தான் வாய் இருக்கே, பேசுங்களேன்!"

"பஞ்சு," என்றான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னான்.