இவரைக் கேட்கவும்

விக்கியண்ணன் தன்னைத் தானே அழித்துக்கொண்டது மத்தியான டீக்குப் பிறகு. பதற வேண்டாம், தன் பெயரில் இருந்த பக்கத்தை நீக்கினார், அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒவ்வொரு பம்ப்புக்கும் வால்வுக்கும் விக்கி என்ற உள்தளத்தில் ஒரு பக்கம் உண்டு. அவர் வெறும் எழுத்தாகத் தட்டி வைக்கும் ஃபைல்களை ஒரு மென்பொருள் கோத்து, தேடலும் குறிச்சொற்களும் ஓரத்தில் ஒரு வலைப்பதிவுமாக இணையதளம் கட்டிக் கொடுக்கும். அதையே கட்டிக்கொண்டு அழுததில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு ஒதுங்கிவிட்டது.

நர்ஸ் வேலையில் மாற்றலாகி, மனைவி மகளோடு வேறு ஊருக்குப் போயிருந்தாள். பின்னாலேயே வருகிறேன் என்றவர் இன்னும் பின்னால்தான் இருக்கிறார்.

"உங்க சட்டைய மாட்டறதுக்குன்னு ஒரு ஆணி அடிச்சேன். இப்ப அதுல குடை தொங்குது," என்றாள் காலையில் ஃபோனில். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மாற்றல் கேட்டு மேனேஜரிடம் போய் நின்றார். "உங்க பக்கத்த எடுத்துட்டு சைட்ட கட்டிப் பாருங்க. கட்டிடுச்சுன்னா நாளைக்கே கெளம்புங்க. நான் என்ன சங்கிலி போட்டா வச்சிருக்கேன்?"

மென்பொருள் கட்டவில்லை. திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இந்தப் பக்கத்து லிங்க் இல்லாத பக்கத்துக்குப் போகிறது, அந்தப் பக்கத்து லிங்க்கும் அங்கேதான். ஒரு லிங்க் உடைந்திருந்தாலும் தளத்தைக் கட்டாதே என்ற விதியை வைத்தவர் அவரே. அன்றைக்கு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டவரும் அவரே. ஒரு வரியை மாற்றினால் விதி அடங்கிவிடும். ஆனால் இரையும் பம்ப்புக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஆள் அந்த லிங்க்கைத் தொட, ஒன்றுமில்லாத பக்கம் வந்து நின்றால்? அதற்கு அவருக்கு மனசு வரவில்லை.

எல்லாப் பக்கத்தின் அடியிலும் அதே வரி: 'சந்தேகம் இருந்தால் இவரைக் கேட்கவும்.' 'இவரை'யைத் தொட்டால் அவர் பெயர்ப் பக்கம் திறக்கும். எழுதச் சோம்பல்பட்ட இடத்திலெல்லாம் போட்டது. சோம்பல் என்பதும் முழு உண்மையில்லை. நாலு பேர் தேடி வந்து கேட்கட்டுமே என்ற ஆசை. வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள்.

'மூன்றாவது பம்ப் இரைந்தால்' பக்கத்தைத் திறந்தார். என்ன செய்வோம்? நினைவில்லை, கை தானாகச் செய்யும். பம்ப் அருகே போய்த் தன் கையையே வேவு பார்த்துவிட்டு வந்து எழுதினார்: 'மேல் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. பிறகு வெளியேற்று வால்வைக் கால் சுற்று மூடவும். அதற்கும் அடங்காவிட்டால்...' விரல் பழக்கத்தில் 'இவரை' என்று அடித்தது. அழித்துவிட்டு, 'நிறுத்திவிட்டுப் பேரிங்கைப் பார்க்கவும்' என்றார். ஒரு சிவப்பு வரி குறைந்தது. ஆணியில் தொங்கும் குடை லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

பம்ப் ஓட்டும் பெண் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, புது வால்வுக்கு நானே ஒரு பக்கம் எழுதிப் போட்டுட்டேன். நீங்க போய்ட்டா நாங்கதான எழுதணும்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி கட்டினார். குறைந்த சிவப்பு வரி கடைசியில் புதிதாய் முளைத்திருந்தது.

"இது என்னம்மா, அடியில என் பேரு?"

"எல்லாத்துலயும் இருந்துச்சே. சட்டம் போலன்னு நானும் போட்டேன்."

அப்போது மூன்றாவது பம்ப் இரைய ஆரம்பித்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் பாதி எழுந்தவர், திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டு உட்கார்ந்தார். உதடு அசைய வாசித்துவிட்டு ஓடினாள்.

தட். தட்.

இரைச்சல் அடங்கவில்லை. வால்வு மெல்லத் திரும்பும் கிரீச் சத்தம் கேட்டது. விக்கியண்ணன் எழுந்துவிடாமலிருக்க நாற்காலியின் கைகளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.