ஒரு தட்டு என்றால் சரி

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் காதர் மைதீன் மாமா நாற்காலியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சவூதியிலிருந்து லத்தீஃபாவின் தம்பி அஸாரின் அழைப்பு வரும்வரை அவர் நகரமாட்டார். அம்மா ஓதி உருட்டிய தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துவந்து லத்தீஃபா எதிரே உட்கார்ந்தாள்.

பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சு போனபிறகு அக்காவும் தம்பியும் செய்துகொண்ட ஏற்பாடு அது. ரிசீவரை அம்மாவின் காதில் வைத்தால் அஸார் பேசுவான். அம்மா நல்ல கையிலிருக்கும் மணியால் ரிசீவரில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் வேண்டாம். போன மாதம் அம்மா மௌத்தாகிவிட்டாள். தட்டு மட்டும் நிற்கவில்லை; இப்போது தட்டுவது லத்தீஃபா. அம்மாவுக்கு முன்பே போன அத்தாவின் சாவுச் செய்தி கேட்ட அன்று வேலை செய்த கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவன் அஸார். கான்ட்ராக்ட் முடியாமல் கம்பெனி பாஸ்போர்ட்டைத் தராது. அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் வழியில்லாதவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஊர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றார் மாமா. லத்தீஃபாவுக்கும் அது இரக்கமாகத்தான் பட்டது. அவன் இருந்த பாலைவன முகாமில் இவர்கள் ஊரான கூத்தாநல்லூரைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லாதது, செய்தி எட்டாமலிருக்க வசதியாகப் போயிற்று.

இந்த அழகில் அவள் கல்லூரியில் நடத்துவது ஒழுக்கவியல் அறிமுகம். நேற்று முதலாமாண்டு ஷீபா எழுந்து, “நல்லதுக்குப் பொய் சொன்னா என்ன தப்பு மேடம்?” என்று கேட்டாள். “ஒருத்தர் தன் வாழ்க்கையப் பத்தி முடிவெடுக்கத் தேவையான உண்மைய நாம மறைச்சுட்டா, அவர மனுசனா நடத்தல, சாமானா நடத்துறோம்” என்று தடங்கலே இல்லாமல் சொன்னாள் லத்தீஃபா. வகுப்பே குனிந்து எழுதிக்கொண்டது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன் அடித்தது.

“அக்கா, கான்ட்ராக்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுங்குறாங்க. எனக்கு முடியலக்கா, இடுப்பு வலி உயிர் போவுது. அம்மா சொல்றபடி செய்யிறேன். காதுல வை.”

லத்தீஃபா ரிசீவரின் வாயைப் பொத்தினாள். “மாமா, இப்பவே சொல்லிடுவோம். இருக்குறதா வர்றதான்னு அவனே முடிவு பண்ணட்டும்.”

“சொன்னா அடுத்த பிளைட்ல வந்து நிப்பான். சபிஹா கல்யாணத்த யாரு நடத்துறது? ஒன் சம்பளத்துலயா?” மாமா குரலை உயர்த்தவில்லை. ஒற்றை விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். கல்யாணம் பேசி முடித்திருந்த தங்கை சபிஹா கதவோரம் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

இரண்டு தட்டினால் வந்துவிடுவான். ஆனால் அதுவும் இறந்தவளின் வாயால் இவள் பேசுவதுதான். பெட்டியோடு வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிடுவான். இப்போதே சொல்லிவிட வாயைத் திறந்தாள். இத்தனை நாளாகத் தட்டியது யார் என்று கேட்பானே. வாயை மூடிக்கொண்டாள். பொத்தியிருந்த கை தானாக விலகியது.

“அம்மா, அஸார் பேசுறேம்மா. கையெழுத்துப் போட்டுடவா?”

தஸ்பீஹ் மணி ரிசீவரில் ஒருமுறை பட்டது.

மாமா விரலை மடக்கிக்கொண்டார். மறுமுனையில் அஸார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தான். லத்தீஃபாவின் கையில் மணி ரிசீவருக்கு மேலே இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.