பிரவுன் அட்டைக்குள் யானை

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசை வர என்ன செய்யலாம் என்று நான் பேச வேண்டுமாம். தலைமையாசிரியை சொன்னதும், வேறு யாராவது பேசட்டுமே என்று நழுவப் பார்த்தேன்; நடக்கவில்லை. நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஸ்வீட்லின், பாடப்புத்தகம் தவிர ஒரு காகிதத்தைத் தானாகத் தொடமாட்டாள். யாராவது எழுந்து உங்கள் பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டால், என் மானம் மேடையிலேயே கப்பலேறிவிடும்.

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. புத்தகத் திருவிழாவில் இருபத்திரண்டு கதைப் புத்தகங்கள் வாங்கினேன். அன்றே எல்லாவற்றுக்கும் பிரவுன் ஷீட்டில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயர், வகுப்பு, வரிசை எண் எழுதி அலமாரியில் அடுக்கினேன். டீச்சர் வீட்டில் புத்தகம் அழுக்காகலாமா? ஒரு கதை முடிந்ததும் ஐந்தே ஐந்து கேள்விதான் கேட்பேன். அதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

"கதை வேண்டாம்மா. ஹோம்வொர்க் இருந்தா தா, எழுதுதேன்" என்றாள் ஒருநாள். இப்படி ஒரு பிள்ளையை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஜெய்சன், கங்கைகொண்டான் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தார். கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. பொழுது போகாமல் அலமாரி முன்னால் போய் நின்றார்.

"ஏட்டி கெசியா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இதுல கதை எது, கணக்கு எது?"

"லேபிளைப் பாருங்க."

"பதினேழுன்னு போட்டிருக்கு. பதினேழைப் பாத்து எவனுக்குப் படிக்க ஆசை வரும்?"

சொல்லிக்கொண்டே சர்ரென்று அட்டையைக் கிழித்தார் மனுஷன். என் தோலையே உரித்த மாதிரி இருந்தது. கத்த வாயெடுப்பதற்குள் ஸ்வீட்லின் ஓடி வந்தாள்.

"அப்பா! யானை டவுசர் போட்டிருக்கு!"

"ஆமாட்டி மக்ளே. யாரு தச்சுக் குடுத்திருப்பா?"

"உள்ள பாப்போம். தள்ளி உக்காருப்பா."

இரண்டு பேரும் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்தார்கள். படித்ததைவிடச் சிரித்ததுதான் அதிகம். முடிந்ததும் நான் வழக்கம்போல், "அந்த யானைகிட்டயிருந்து நாம என்ன கத்துக்கிடணும்?" என்று ஆரம்பித்தேன்.

"ஏட்டி, பைய" என்றார் ஜெய்சன். "படம் முடிஞ்சதும் வாசல்ல நின்னு ஒருத்தன் பரீட்சை வச்சான்னா, நீ தியேட்டருக்குப் போவியா?"

எனக்குக் கோபமான கோபம். அவர் சொன்னது நியாயமாக வேறு இருந்தது. மீதி அட்டைகளைக் கிழிக்க நானும் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஸ்வீட்லின் குதித்தாள்.

சனிக்கிழமை கூட்டத்தில், எழுதி வைத்திருந்த பத்து யோசனைகளையும் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, வீட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பெற்றோர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது முன்வரிசையிலிருந்து பொன்செல்வி என்கிற அம்மா எழுந்தார். நான் பயந்த அதே கேள்விதான்.

"டீச்சர், உங்க மக இப்ப என்ன படிக்கா?"

ஸ்வீட்லின் கடைசி பெஞ்சில் ஒரு புத்தகத்துக்குள் தலையை விட்டிருந்தாள். அவளுக்கு நான் பேசியது எதுவும் கேட்டிருக்காது. திடீரென்று தனக்குத்தானே சிரித்தாள்.

"தெரியாதும்மா" என்றேன். "நான் கேக்கல."