தையலம்மாவுக்கு ஒரு வேலை

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் கிழிந்த துணிகளைத் தைப்பவள் நான். எல்லாருக்கும் தையலம்மா. வயது எழுபத்திரண்டு. எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியபோது ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். வேலை இல்லாதவளுக்கு மணி எதற்கு என்று மேடையிலேயே கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். அதை இருந்தது என்றே சொல்லக் கூடாது. காலையில் கட்டிலில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அங்கேயேதான். குளிக்கத் தோன்றாது. மருமகள் வைத்துவிட்டுப் போன தட்டு ஆறிக் கிடக்கும். நான் செத்துப்போனால் யாருக்கும் ஒரு வேலையும் நிற்காது என்ற நினைப்பு ஒரு நாள் வந்தது. வந்தது போகவே இல்லை.

அப்புறம்தான் மகன் வந்து, "அம்மா, சூப்பர்வைசர் உன்ன வரச் சொல்றாரு. கிழிசல் மூட்ட மூட்டயா கெடக்காம், தைக்க ஆளில்லையாம்" என்றான். நான் சம்பளம் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாடும் என் பழைய நாற்காலியும் போதும் என்று ஓடினேன்.

ஒன்றரை வருடம் நிம்மதியாக ஓடியது. வாரம் இரண்டு மூட்டை வரும். படுக்கை விரிப்பு, நோயாளிகளின் அங்கி, தலையணை உறை. எல்லாம் ஒரே வெள்ளை. சின்னக் கிழிசலை இழையோட்டி மூடுவேன், பெரியதற்கு உள்பக்கம் ஒட்டுப் போடுவேன். எனக்கு இடது கைப் பழக்கம். அதனால் என் தையல் மற்றவர்கள் தையலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

போன மாதம் ஒரு விரிப்பைக் கையில் எடுத்தபோது கிழிசலின் ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் தெரிந்தன. யாரோ ஏற்கெனவே தைத்திருக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் சொல்லாமல் இன்னொருத்தியை வேலைக்கு வைத்துவிட்டார்களா? மூட்டையைக் கொட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படித்தான். துளைகள் நெருக்கமாக, ஒழுங்காக இருந்தன. வேலை தெரிந்தவள்தான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்த துளைகள். இவளுக்கும் இடது கையா! முகம் தெரியாத அந்தப் பெண்ணை இரண்டு நாள் திட்டிக்கொண்டே தைத்தேன். சின்ன வயசுக்காரி, சிரித்தே காரியம் சாதிப்பவள் என்றெல்லாம் கற்பனை ஓடியது.

மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. ஒரு தலையணை உறையை வேண்டுமென்றே பச்சை நூலில் தைத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து அதே உறை, அதே இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வந்தது. ஓரத்தில் அரை அங்குலம் பச்சை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

உறையைச் சூப்பர்வைசரின் மேஜையில் போட்டேன். "இத யாரு பிரிச்சது?"

"மெஷின்ல தொவைக்கும்போது பிரிஞ்சிருக்கும்மா."

"மெஷின் துணியக் கிழிக்கும். இப்படித் தையல ஒவ்வொண்ணா அறுக்காது. இது பிளேடு."

அவர் தலையைச் சொறிந்தார். "உக்காருங்கம்மா."

"நின்னுட்டே கேக்கறேன், சொல்லுங்க."

"இப்ப அங்கி, உறையெல்லாம் ஒரு தடவ போட்டுட்டுத் தூக்கிப் போடற துணிதாம்மா. விரிப்ப வெளிய சலவைக்குக் குடுத்துடறோம். தைக்கறதுக்கு இங்க ஒண்ணுமே இல்ல. உங்க கைக்கு வர்றது கழிச்சுக் கட்டின பழசு. உங்க பையன் வந்து கெஞ்சினாரு. எங்கம்மா செத்துடுவாங்க சார்னு அழுதாரு. நான் என்ன பண்ண?"

"பிரிக்கறது யாரு?"

"அவருதான். சனிக்கிழம மூட்டைய எடுத்துட்டுப் போவாரு. திங்கக்கிழம கொண்டாந்து குடுத்துடுவாரு."

சலவைக்கூடத்தில் மெஷின் சத்தம் குறைந்துபோனதை நானும் கவனித்திருந்தேன். எனக்குத்தான் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் பஸ் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவனுக்கு லீவு. அதையும் எனக்குத் தெரியாமல் வெளியே எங்கோ உட்கார்ந்து பிரிப்பதில் கழித்திருக்கிறான். சூப்பர்வைசரிடம் கேட்ட அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததுமே, "கையக் காட்டுடா" என்றேன். விரல் நுனிகளில் பழசும் புதுசுமாகப் பிளேடு கீறல்கள்.

"என்ன சாவி குடுத்தா ஓடற பொம்மன்னு நெனச்சியா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "அந்த மூணு மாசம் நீ எப்படி இருந்தேன்னு நீ பாக்கலம்மா. நான் பாத்தேன்."

"ஒன்றர வருஷமா நான் ஒண்ணுமே செய்யலடா."

"சாப்பிட்ட. குளிச்ச. என்கூட சண்ட போட்ட. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது."

அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவன் பாசத்தில் பொய் இல்லை. அதனாலேயே யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

மறுநாள் கட்டிலை விட்டு எழ மனம் வரவில்லை. ஒன்பது மணி ஆயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்தால் இனி எழவே மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அந்தப் பயத்தில்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். சமையலறையில் கேட்டேன், மருந்துக் கடையில் கேட்டேன், ஒவ்வொரு வார்டிலும் கேட்டேன். போன இடமெல்லாம், "உக்காருங்க பாட்டி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். உட்காருவதற்கா இத்தனை மாடி ஏறி வந்தேன்? கேட்காமல் விட்ட இடம் ஒன்றுதான் பாக்கி. கீழ்த்தளத்துப் பிணவறை.

அங்கே வேலை செய்பவர் ஒரு உடம்பைத் துணியில் சுற்றிக் கொண்டிருந்தார். இரண்டு பாதங்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"கால் தெரியுதே" என்றேன்.

"கேட்டு வர ஆளில்லாத கேசும்மா. குடுக்கற துணி இவ்வளவுதான். கால மூடினா மூஞ்சி தெரியும். நான் மூஞ்சிய மூடிடறது."

"கொஞ்சம் இருங்க."

மேலே போய்ப் பழைய விரிப்பு இரண்டை எடுத்து வந்து, அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, நடுவில் இணைத்துத் தைத்தேன். குளிரில் விரல் மரத்தது. மருந்து நெடி தொண்டையை அடைத்தது. அவர் பொறுமையாக நின்றார். தைத்து முடித்ததை வாங்கி, தலையிலிருந்து கால் வரை மூடிக் கட்டினார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாளைக்கு ரெண்டு வேணும்" என்றார்.

வேணும் என்று ஒருவர் என்னிடம் நிஜமாகச் சொல்லி எத்தனை நாளாயிற்று! படியேறும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இத்தனைக்குப் பிறகும், நான் எங்கே தைக்கிறேன் என்று தெரியாமல், சனிக்கிழமை மகன் வழக்கம்போல மூட்டை எடுக்க வந்திருக்கிறான். மூட்டை இல்லை என்று சூப்பர்வைசர் கீழே கை காட்டியிருக்கிறார். படியிறங்கி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இங்க வேணாம்மா. வா, வீட்டுக்குப் போலாம். நான் வேற எதாவது பாக்கறேன்."

"நீ ஒண்ணும் பாக்க வேணாம். இங்கேருந்து போற துணி பிரிக்கறதுக்குத் திரும்பி வராது."

அவன் பதில் சொல்வதற்குள் பிணவறைக்காரர் உள்ளேயிருந்து வந்தார். "தையலம்மா, சின்னதா ஒண்ணு வேணும்."

"எவ்வளவு?"

 அவர் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே பிடித்துக் காட்டினார். நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.  எனக்கும் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நிஜமான வேலை வேண்டும் என்று மாடி மாடியாகக் கேட்டு அலைந்தவள் நானேதான். கத்தரிக்கோலை எடுத்தேன்.

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த விரிப்பாகப் பார்த்து வெட்டினேன். தையலின் மடிப்பு உள்பக்கம் இருந்தால் உடம்பில் உறுத்தும் என்று வெளிப்பக்கம் வரும்படி வைத்துத் தைத்தேன். இனிமேல் அதற்கு என்ன உறுத்தப்போகிறது என்று மகன் கேட்கவில்லை. பாதியில் நூல் தீர்ந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஊசியை என் கையிலிருந்து வாங்கி, அவனே கோத்துக் கொடுத்தான்.