அடைகாத்த லைன்மேன்

முப்பத்துமூன்று ஆண்டுகள் மின்கம்பத்தின் உச்சியில் நின்று ஊருக்கெல்லாம் ஒளி வழங்கியவர் அவர். ஆனால் தம் வீட்டு அடுக்களையில் தீப்பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை அறியாமலேயே ஓய்வு பெற்றார். வேலை போன பிறகும் பெயர் போகவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் லைன்மேன்தான்.

அந்தத் திங்கட்கிழமைக் காலையில் அவர் மனைவி பயணப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்துக்கு அரை மணி நேரமே இருக்கும்போது, அடுக்களையில் அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நகரத்தில் ரொட்டி சுடுவோருக்கான பயிற்சி, இருபத்தொரு நாள், கடைசி நாளில் தேர்வும் சான்றிதழும். ஐம்பத்திரண்டாம் வயதில் விண்ணப்பம் போட்டு, ஐம்பத்துமூன்றாம் வயதில் அழைப்பு வந்திருந்தது.

"இந்த ஜாடியில இருக்கிறது தாய்மாவு, ரொட்டியைப் புளிக்க வெக்கிற மாவு. தினமும் காலையில பாதியை எடுத்துடணும். எடுத்த அளவுக்குப் புது மாவு, தண்ணி ஊத்திக் கலக்கணும். மேல துணி, ரப்பர் பேண்டு. மூடி போட்டு இறுக்கக் கூடாது. அது மூச்சு விடும்."

"மாவு மூச்சு விடுமா?"

"உங்க குறட்டை அளவுக்கு இல்ல. பயப்படாதீங்க."

பிறகு கொல்லைக் கொட்டகை. வைக்கோல் பரப்பிய கூடையில் செம்பழுப்புக் கோழியொன்று பரப்பிய இறகோடு படிந்து கிடந்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத குணத்தைக் கண்டு, தம் பழைய அலுவலகத்து அதிகாரியின் நினைவாக லைன்மேன் அதற்கு சூப்பிரண்டம்மா என்று பெயர் சூட்டியிருந்தார்.

"இன்னிக்குத்தான் அடையில வெச்சிருக்கேன். ஒன்பது முட்டை. நான் திரும்பி வர்ற சமயத்துல பொரிச்சிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை அவளே எழுந்து தின்னுட்டு, கால் மணி நேரத்துல வந்து உக்காந்துப்பா. நீங்க கையை வெக்காதீங்க. ஏதாவது ஒண்ணுன்னா போன் பண்ணுங்க, அடுத்த பஸ்ஸுல வந்துடறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் லைன்மேனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏனென்றால் அது இதற்கு முன் இரண்டு முறை நடந்திருந்தது. தையல் பயிற்சிக்குப் போனவளை ஒன்பதாம் நாள் அழைத்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டதாம். குழந்தைகள் காப்பகப் பயிற்சிக்குப் போனவளை நான்காம் நாளே அழைத்தார், காய்ச்சலாம். அவள் வந்து தொட்டுப் பார்த்தபோது அது வெறும் ஜலதோஷமாக இருந்தது. இரண்டு முறையும் அவள் பையைப் பிரித்து வைத்துவிட்டாள்; பயிற்சிக்குத் திரும்பவில்லை. கணவனுக்கு ஜலதோஷம் வந்தால் மனைவியின் கல்வி நின்றுபோகும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எழுதாத சட்டம் அது. எழுதிய சட்டத்தைவிட அதற்கு ஆயுள் அதிகம்.

"இந்தத் தடவை போன் வராது" என்றார்.

அவள் சிரித்தாள். நம்பியவளின் சிரிப்பல்ல அது. பேருந்து நிறுத்தத்தில் பையை வாங்கித் தூக்கியபோதுதான் அவருக்குப் புரிந்தது. எடை இல்லை. பத்து நாளுக்கான துணிதான் அதில் இருந்தது.

அன்று முதல் லைன்மேன் அடுக்களை ஏறினார். கம்பம் ஏறியவருக்கு அது பெரிய ஏற்றமாகவே இருந்தது. முதல் வாரம் அவர் சுட்ட ரொட்டி மேலே கரியாகவும் உள்ளே களியாகவும் இருந்தது. இரண்டாம் வாரம் இரண்டும் இடம் மாறவில்லை. கரி மட்டும் கொஞ்சம் குறைந்தது. எதிர்வீட்டில் இருந்த அவருடைய அக்கா நாள் தவறாமல் வந்து இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஏன்டா தம்பி, ஆம்பளை அடுப்படியில நின்னா அடுப்பு எரியுதா?"

"எரியுதுக்கா. கொஞ்சம் அதிகமாவே எரியுது. அதான் பிரச்னை."

"பேசாம அவளைக் கூப்பிடு. வயசான காலத்துல அவளுக்குப் பரீட்சை ஒரு கேடா?"

"கூப்பிட மாட்டேன்."

பன்னிரண்டாம் நாள் குளிர்காற்று தொடங்கியது. மழையும் சேர்ந்துகொண்டது. தாய்மாவு எழும்ப மறுத்தது. இரண்டு மடங்காகப் பொங்க வேண்டியது, ஜாடியின் அடியில் சுவர்ப் பூச்சுபோலக் கிடந்தது. ஒருநாள் பொறுத்தார், மறுநாளும் பொறுத்தார். அவள் ஏழு வருடமாக உயிரோடு வைத்திருந்த மாவு. அவள் திரும்பி வந்து ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் காட்சி கண்முன் வந்து நின்றது.

பதினான்காம் நாள் காலையில் லைன்மேனின் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. இந்த வீட்டில் எப்போதும் சூடாக இருப்பது எது? அடுப்பு அல்ல, போர்வை அல்ல, சூப்பிரண்டம்மாவின் அடிவயிறு! கோழி இரை தின்ன எழுந்த கால் மணி நேரத்தில், மாவு ஜாடியை முட்டைகளுக்கு நடுவே வைக்கோலுக்குள் புதைத்தார். துணி மட்டும் போட்டால் எச்சம் விழுமே என்ற முன்யோசனையும் அவருக்கு இருந்தது. ஆகவே துணியை எடுத்துவிட்டு, தகர மூடியை நன்றாக அழுத்தி மூடினார். மூச்சு விடும் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. கோழியும்தானே மூச்சு விடுகிறது, சேர்ந்து விடட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கோழி வந்தது, ஜாடியை ஒரு கண்ணால் பார்த்தது, பத்தாவது முட்டை என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தது.

மூன்று மணி நேரம் கழித்துக் கொட்டகையில் 'டொப்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஊரைக் கூட்டும் கூக்குரல். லைன்மேன் ஓடினார். தகர மூடி தூணருகே கிடந்தது. ஜாடிக்கு மேலே மாவு நுரைத்து, வழிந்து, வைக்கோலை நனைத்து, முட்டைகளை ஒட்டி நின்றது. சூப்பிரண்டம்மா வயிறு முழுக்க வெள்ளைக் கூழோடு கூடையை விட்டு இறங்கி, வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளியைப்போல் மூலையில் நின்று முழங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக எழும்ப மறுத்த மாவு, எழும்பியபோது ஒரேயடியாக எழும்பிவிட்டது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் மழையில் அறுந்த கம்பியைக் கட்டிய கைகள் அவை. மெல்ல ஓடத் தொடங்கின. முட்டைகளை வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். கோழியை வாளியில் இருந்த வெந்நீரில் வயிறளவு நிறுத்திக் கழுவினார். ஈரக்கோழி அடையில் உட்கார முடியாது; காய வேண்டும். அதுவரை முட்டைக்குச் சூடு? தொழிலாளியின் கை தொழிலைத் தேடியது. அட்டைப் பெட்டி, ஹோல்டர், அறுபது வாட்ஸ் பல்பு. ஐந்து நிமிடத்தில் அடைப்பெட்டி தயார். சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. எரிந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தெரு முழுக்க மின்சாரம் போயிற்று.

அலுவலகத்துக்குப் போன் போட்டார். மறுமுனையில் அலட்டிக்கொள்ளாத ஒரு குரல், "பார்த்துக்கிட்டிருக்கோம் சார். ஒரு அரை மணி நேரம்" என்றது. முப்பத்துமூன்று ஆண்டுகள் அவரே பிறருக்குச் சொன்ன பதில். அந்த அரை மணி நேரத்தின் உண்மையான நீளம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே லைன்மேன் சட்டைப் பித்தான்களைக் கழற்றினார். மனைவியின் கம்பளிச் சால்வையை வயிற்றைச் சுற்றிக் கட்டி, ஒன்பது முட்டைகளையும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, சட்டையை மேலே மூடினார். அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, துண்டில் சுற்றிய கோழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. இருமவில்லை. மூச்சைக்கூட அளந்தே விட்டார். ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலித்தது. இரண்டாம் மணி நேரத்தில் கால் மரத்தது. இந்தச் சிறிய அறையில், இந்த அடுப்புக்குப் பக்கத்தில், எழுந்து போக ஆசை இருந்தும் எழாமல் அவள் இருந்த ஆண்டுகளை அவர் எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிக்கத் துணிவு வரவில்லை.

அப்போது அக்கா உள்ளே வந்தாள். தம்பியின் வயிற்றைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள்.

"என்னடா இது? எத்தனையாவது மாசம்?"

"சிரிக்க வைக்காதேக்கா. உடைஞ்சிடும்."

நடந்ததை அவர் சொன்னார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "போதும்டா உன் கூத்து! போனைக் குடு. இன்னிக்கே அவளைக் கிளம்பி வரச் சொல்றேன்."

"வேண்டாம்க்கா!"

சொல்லி வாய் மூடவில்லை, மேசைமேல் இருந்த கைப்பேசி ஒலித்தது. மனைவி. அவரால் எழ முடியாது, அக்கா எடுத்துவிட்டாள். லைன்மேன் கண்ணாலேயே கெஞ்சினார். ஒன்பது முட்டையும் போகட்டும், மாவும் போகட்டும், இன்னும் ஏழே நாள், அவள் மட்டும் பாதியில் திரும்பிவிடக் கூடாது என்று அந்தக் கண்கள் மன்றாடின.

அக்கா பேச வாயெடுத்தாள். தம்பியின் புடைத்த சட்டையைப் பார்த்தபடியே நின்றாள். மடியில் இருந்த கோழி நீளமாக ஒருமுறை கேறியது.

"நான்தான் பேசறேன்" என்றாள் கடைசியில். "உன் வீட்டுக்காரனா? உக்காந்திருக்கான். எழுந்து வர்ற நிலைமையில இல்ல. இல்லடி, உடம்புக்கு ஒண்ணும் இல்ல, வேலையா இருக்கான். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ பரீட்சையை முடிச்சுட்டு வா."

போனை வைத்துவிட்டு அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் டைப் அடிக்கக் கத்துக்கிட்டிருந்தப்போ, என்னைக் கூப்பிட வந்து வாசல்ல நின்னியே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன், மீசை முளைத்த பெருமையோடு அவர் போய் நின்று சொன்ன வாசகமும் நினைவிருந்தது: 'அம்மாவுக்கு முடியல, சமைக்க ஆள் இல்ல, வா.' வீட்டில் அவரும் இருந்தார். அவருக்கும் இரண்டு கைகள் இருந்தன. அந்தக் கைகளை அன்று ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை, அவர் உட்பட.

"பாதிப் பக்கம்டா. காகிதத்தை மெஷின்லயே விட்டுட்டு வந்தேன். மிச்சத்தை யார் அடிச்சாங்களோ."

"தப்புக்கா. என் தப்பு."

"அதைச் சொல்ல உனக்கு நாப்பது வருஷமும் ஒரு கோழியும் வேண்டியிருந்திருக்கு." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். "சரி, நாலு முட்டையை இங்க தள்ளு. உன் வயித்துல எடம் இருக்கிற அளவுக்குச் சூடு இல்ல."

மாலை நான்கு மணிவரை அக்காவும் தம்பியும் எதிரெதிரே அடைகாத்தார்கள். ஐந்து முட்டை தம்பிக்கு, நான்கு அக்காவுக்கு. கோழி காய்ந்ததும் புது வைக்கோலில் முட்டைகளை அடுக்கினார்கள். சூப்பிரண்டம்மா கூடையைச் சுற்றி இரண்டு சுற்று வந்து, கடைசியில் விட்டுப்போன அலுவலகக் கோப்பைக் கையில் எடுப்பதுபோல ஏறி உட்கார்ந்தது. ஜாடியின் சுவரில் ஒட்டியிருந்த ஒரு கரண்டி மாவை வழித்து, லைன்மேன் அதற்குப் புதிதாக ஊட்டினார். இந்தமுறை துணிதான் கட்டினார்.

இருபத்தொன்றாம் நாள் ஆறு குஞ்சுகள் வெளியே வந்தன. மூன்று முட்டைகள் திறக்கவே இல்லை. அவை தம் வயிற்றில் இருந்தவையா, அக்காவின் வயிற்றில் இருந்தவையா என்று லைன்மேன் யோசித்தார். அக்காவுக்கு அதில் ஐயமே இல்லை.

மறுநாள் மனைவி வந்தாள். சான்றிதழை மேசைமேல் வைத்தாள். ஜாடியைத் திறந்து முகர்ந்தாள், தலையசைத்தாள். அவர் சுட்டு வைத்திருந்த தட்டையான ரொட்டியை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"இதை வெச்சுச் சுவர் கட்டலாம்" என்றாள். ஆனாலும் இரண்டு துண்டு தின்றாள். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்: "பதினாலாம் நாள் என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையே."

"போன்ல கோழி கேறுச்சு. கொல்லையில இருந்து இல்ல, பக்கத்துல இருந்து. அடையில இருக்க வேண்டியவ வீட்டுக்குள்ள எப்படி வந்தா?"

லைன்மேன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சுமா நீ வரல?"

"பையை எடுத்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். அங்க நிக்கும்போதுதான் உறைச்சுது. இந்தத் தடவை நீங்க கூப்பிடலையே! கூப்பிடாத எடத்துக்கு நான் ஏன் போகணும்? திரும்பிப் போய் மாவு பிசைஞ்சேன்."

கொட்டகையில் குஞ்சுகள் கீச்சிட்டன. அவள் பையை அவிழ்த்துத் துணிகளை எடுத்து வைத்தாள். பத்து நாள் துணியை இருபத்தொரு நாளும் துவைத்துத் துவைத்து உடுத்தியதில் அவை நிறம் மங்கியிருந்தன. லைன்மேன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏணியைச் சாத்தி, பரணில் ஏறி, அங்கே கிடந்த பெரிய பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். தூசியைத் தட்டி அவள் முன் வைத்தார்.

"அடுத்த தடவை இதை எடுத்துட்டுப் போ."

"அடுத்த தடவையா?" என்றாள் அவள். கேட்டுவிட்டு, பெட்டியின் தாழ்ப்பாள் விழுகிறதா என்று இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தாள்.