நிலாவுக்கு ஒரு ஸ்மால் சைஸ்

"இந்த அளவுச் சார்ட் தப்புன்னு பையருக்கு எழுதுங்க."

அன்புசெல்வி சொல்லியேவிட்டாள். இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஒரு வருஷமாக அவள் அம்மா வேலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். செக்கிங் பிரிவில் பதினெட்டு வருஷம் நின்று மகளைப் பட்டதாரியாக்கி, அதே கம்பெனியின் சாம்பிள் பிரிவில் சேர்த்துவிட்டவளுக்குத் திருப்பூர் தெரியும். துணி தப்பாகலாம், தையல் தப்பாகலாம். ஆர்டர் தரும் வெளிநாட்டுப் பையர் அனுப்பிய சார்ட் தப்பாகவே ஆகாது.

முதலாளி மகுடேஸ்வரன் டீ டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனம்மிணி, நிலாவுக்கு நீயா போற?"

"போறவங்கள்ல பொம்பளைங்களும் இருக்காங்களாமுங்க."

மேசைமேல் கிடந்தது, விண்வெளி உடைக்கு உள்ளே போடும் பின்னல் உடுப்பு. கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே உருப்படி. உடம்பெங்கும் மெல்லிய குழாய்கள். அதில் ஓடும் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கும்; தோலோடு ஒட்டாவிட்டால் ஓடியும் பயனில்லை. ஆறடி ஆளின் அளவை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி குறைத்து, அதற்கு ஸ்மால் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஃபிட் பார்ப்பது எப்போதும் முதலாளி மகன் ரித்தீஷ்தான். அவன் உடம்பில் ஏறாததை ஹேங்கரில் மாட்டிப் பார்த்து, ரிப்போர்ட்டில் ஓகே எழுதுவது கம்பெனி வழக்கம்.

"மத்தியானம் தையல்ல பன்னெண்டு அக்காங்கள அளந்து, போட்டும் பாத்தாச்சுங்க. தோள் தொங்குது, இடுப்பு ஏறவே இல்ல. உசரமான ஆம்பளையச் சுருக்குனாப் பொம்பளை ஆயிருவாளா?"

"கோவத்தப் பாரு! உங்கம்மா இப்படி ஒரு வார்த்த பேசியிருப்பாளா?"

"அதனாலதான் இன்னும் செக்கிங்லயே நிக்கறாங்க. நீங்க போட்டுப் பாருங்க. நீங்களும் ஸ்மால்தானுங்க. சேந்துச்சுன்னா நானே ஓகே எழுதறேன்."

கட்டிங் மாஸ்டர் முருகேஷ் சிரிப்பை இருமலாக்கினார். அஞ்சடி ரெண்டங்குல முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. மேசைமேல் கிடந்த, கம்பெனிக்கென்று வைத்துக்கொள்ளும் சாம்பிளோடு தடுப்புக்குப் பின்னால் போனார்.

திரும்பி வந்தபோது முழங்காலில் துணி மூட்டையாக மடிந்திருந்தது. மூச்சை இழுத்து ஏற்றிய ஜிப் தொப்பைமேல் சிக்கி, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"தீவாளிக்கு எடுத்தாப்லயே இருக்குதுங்க" என்றார் முருகேஷ்.

"சிரிக்காம ஜிப்பைப் புடிப்பா. சரி அம்மிணி, சேரல, ஒத்துக்கறேன். ஆனா பையர்கிட்டச் சொன்னா ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிரும். ஓகே எழுதிப் பெட்டில வெச்சு அனுப்பு கண்ணு. மாட்டீன்னா நாளைக்கு வர வேண்டாம்."

"எங்கம்மா?"

"அவளுக்கென்ன? அவதான் வாயே தொறக்க மாட்டாளே. இருக்கட்டும்."

அன்புசெல்வி கதவோரமிருந்த கூரியர் பெட்டியைத் தூக்கினாள். பையருக்கான சாம்பிள் உள்ளே இருக்க, டேப் ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

"ரிப்போர்ட்டு?"

"அளந்த கையோட எழுதி உள்ள வெச்சுட்டனுங்க. பன்னெண்டு பேர் அளவும் இருக்குது."

"ஓகேன்னுதான எழுதுன?"

"இல்லீங்க."

அடையாள அட்டையைக் கழற்றி டீ டம்ளர் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மிணி, நில்லு!"

ஜிப்பைப் பிடித்திருந்த முருகேஷையும் இழுத்துக்கொண்டு முதலாளி வாசல்வரை ஓடினார். வெளியே முந்நூறு பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"முருகேஷு, நீ போய்ப் புடி!"

"விட்டா ஜிப்பு பிஞ்சுருமுங்க."

செக்கிங் மேசையில் வேலாத்தாள் நிமிர்ந்தாள்.

"கேட்டுப்போட்டயா?"

"கேட்டாச்சும்மா."

பெட்டியை ஏந்திய அன்புசெல்வி நடையைக் குறைக்கவில்லை. கூரியர் வண்டி ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும்.